வெயிலூர்ப் பிள்ளைகளுக்கு நீச்சல்: கிணற்றடி முதல் கிராம சபை வரை

வேலூரைப் பற்றிப் பழைய கிண்டல் ஒன்று உண்டு: ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோவில், தண்ணீர் இல்லாத ஆறு. சாமியான ஜலகண்டேஸ்வரர் 1981-ல் கோவிலுக்குத் திரும்பிவிட்டார். பாலாறு மட்டும் வருடத்தின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கிறது. அப்படிப்பட்ட ஆறு 2021 நவம்பரில் இரு கரையும் தொட்டு ஓடியது. பாலத்தின் மேல் கூட்டம் கூட்டமாக நின்று செல்போனில் படம் பிடித்தார்கள். அந்தக் கூட்டத்தில் நீச்சல் தெரிந்தவர்கள் எத்தனை பேர் என்று அக்கம்பக்கத்தில் விசாரித்துப் பாருங்கள். பெண்களிடமும் கேளுங்கள், சின்னப் பிள்ளைகளிடமும் கேளுங்கள். அப்புறம் எந்தத் தெரு, எந்தச் சாதி, எந்த மதம் என்று பிரித்துப் பாருங்கள். படம் தெளிவாகத் தெரியும்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-ல் மட்டும் உலகம் முழுக்கச் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள். அதில் பெரும்பங்கு குழந்தைகளும் இளைஞர்களும்தான். ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு அடிப்படை நீச்சலும் தண்ணீர்ப் பாதுகாப்பும் கற்றுக்கொடுங்கள் என்று அந்த நிறுவனமே சொல்கிறது. சொல்வது சுலபம். எங்கே கற்றுக்கொடுப்பது, யார் கற்றுக்கொடுப்பது, எந்த உடையில் இறங்குவது, யார் வீட்டுக் கிணற்றில் இறங்குவது? இந்தக் கேள்விகளைத் தீர்க்காமல் கை கால் அடிக்கச் சொல்லித் தருவதில் பயனில்லை. அதனால் இந்த வழிகாட்டியில் பாதி தண்ணீருக்கு வெளியேதான் நடக்கிறது. இளைஞர் மன்றம் நடத்துபவர்கள், ஜமாத்தில் இருப்பவர்கள், பள்ளி ஆசிரியர்கள், தம்பி தங்கையை வளர்க்கும் அண்ணன் அக்காமார் எல்லோருக்கும் இது.

படி 1: யார் இறங்கவில்லை, ஏன்?

நம் பக்கத்தில் நீச்சல் என்றால் கிணறுதான். கிணறு நிலத்தோடு சேர்ந்தது. நிலம் யாரிடம் இருந்ததோ அந்த வீட்டுப் பிள்ளைகள் கோடை விடுமுறை முழுக்கக் குதித்தார்கள். நிலமில்லாத தலித் குடும்பத்துப் பையன் அதே கிணற்றில் தூர் வாரலாம், பழுதான மோட்டாரைத் தோளில் சுமந்து ஏற்றலாம். ஆனால் குளிக்க இறங்கினால் தண்ணீர் தீட்டாகிவிடும் என்று விரட்டினார்கள். பொதுக்குளத்தில் தண்ணீர் எடுக்கும் உரிமைக்காக 1927 மார்ச் 20 அன்று மகாராஷ்டிரத்தின் மகாட் ஊரில் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோருடன் சவுதார் குளத்தில் இறங்கினார். 1989-ல் பழைய வட ஆற்காட்டைப் பிரித்தபோது நம் பாதிக்கு வைத்த பெயர் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம். பெயர் வைத்தோம், சரி. கிணற்று மேட்டில் பல ஊர்களில் வழக்கம் மாறவில்லை. இன்று யாரும் சாதியைச் சொல்லி விரட்டுவதில்லை. "மோட்டார் ஓடுது, போங்கடா" என்பதோடு முடிந்துவிடும்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் பக்கத்து முஸ்லிம் பிள்ளைகளின் கதை வேறு. நெருக்கமான தெருக்கள், சொந்த வயல் கிடையாது. பக்கத்தில் ஓடும் பாலாறோ தோல் தொழிற்சாலைக் கழிவைச் சுமந்தது. வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம் தொடுத்த வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும் அளவுக்கு அந்தத் தண்ணீர் கெட்டிருந்தது. "ஆத்துல இறங்கினே, கால உடைச்சிடுவேன்" என்று மிரட்டிய அம்மா சரியாகத்தான் சொன்னார். அதன் விலையாக ஒரு தலைமுறையே தண்ணீரைத் தொடாமல் வளர்ந்தது.

மூன்றாவதாகச் செங்கல் சூளைப் பிள்ளைகள். இவர்களில் இருளர் பழங்குடியினர் அதிகம். சூளைக்கு மண் எடுத்த பள்ளத்தின் ஓரத்திலேயே குடிசை. மழை பெய்தால் அந்தப் பள்ளம் குட்டையாகிவிடும். பெற்றோர் இருவரும் கல் அறுக்கும் நேரத்தில் நான்கு வயதுக் குழந்தையைப் பார்த்துக்கொள்வது ஏழு வயது அக்கா.

இந்த மூன்றிலும் பெண் பிள்ளை என்றால் தடை இரட்டிப்பு. பையன்கள் திருட்டுத்தனமாகவாவது குதிப்பார்கள்.

இது நமக்கு மட்டும் வந்த வியாதி கிடையாது. அமெரிக்காவில் கறுப்பின மக்களைப் பொதுக் குளங்களில் பல காலம் விடவில்லை. சேர்ந்து குளிக்கலாம் என்று நீதிமன்றங்கள் சொன்னபோது சில நகரங்கள் குளத்தையே மூடின, மண் கொட்டி நிரப்பவும் செய்தன. அங்கே 2017-ல் வந்த ஆய்வில், கறுப்பினக் குழந்தைகளில் 64 சதவீதம் பேருக்கு நீச்சல் தெரியவில்லை அல்லது மிகக் குறைவாகவே தெரிந்தது. வெள்ளைக் குழந்தைகளில் அது 40 சதவீதம். அப்பா அம்மாவுக்குத் தெரியாவிட்டால் பிள்ளைக்கும் தெரியாமல் போவது அங்கேயும் இங்கேயும் ஒன்றுதான்.

எனவே முதல் வேலை, ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போவது. வீட்டில் யாருக்கு நீச்சல் தெரியும், தெரியாதவர் ஏன் கற்கவில்லை என்ற இரண்டே கேள்விகள் போதும். "பயம்" என்று பதில் வந்தால் அதோடு நிறுத்தாதீர்கள். எதற்குப் பயம் என்று கேளுங்கள். சிலருக்குத் தண்ணீர் மேல் பயம், சிலருக்கு ஊர்க்காரர்கள் மேல், சிலருக்கு ஈரத்துணியோடு தெருவில் நடந்து வருவதில். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

படி 2: உங்கள் ஊர்த் தண்ணீரை அறிந்துகொள்ளுங்கள்

நடந்துபோகும் தூரத்தில் இருக்கும் எல்லாத் தண்ணீரையும் ஒரு தாளில் வரையுங்கள். பிள்ளைகளையே வரைய விடுங்கள். பெரியவர்களுக்குத் தெரியாத குட்டையெல்லாம் அவர்களுக்குத் தெரியும்.

ஆற்றில் மணல் எடுத்த குழிதான் என் கணக்கில் முதல் எதிரி. மேலே பார்த்தால் முழங்கால் தண்ணீர். இரண்டு அடி வைத்தால் தலைக்கு மேல். ஓரத்து மணல் காலடியில் சரிவதால் ஏறி வரவும் பிடிமானம் இருக்காது. நீச்சல் தெரிந்தவனையும் இது விழுங்கும். மண் அள்ளிய ஏரியிலும் இதே கதைதான். கரையோரம் மெல்ல ஆழமாகும் பழைய ஏரி வேறு, ஜேசிபி இறங்கிப்போன ஏரி வேறு. கைவிட்ட கல்குவாரியில் தண்ணீர் பார்க்க அழகாகப் பச்சையாக இருக்கும். சுவர் செங்குத்தாக இருப்பதால் விழுந்தவன் ஏறவே முடியாது. அங்கே குளிப்பதைப் பற்றிப் பேச்சே வேண்டாம்.

ஏரி கோடி போகும், அதாவது நிரம்பி வழியும் இடத்தில் குடும்பத்தோடு குளிப்பது நம் ஊர்த் திருவிழா மாதிரி. தண்ணீர் வழியும் கலங்கல் கல்லில் பாசி பிடித்திருக்கும், வழுக்கினால் நேராகக் கீழே. மதகு திறந்திருக்கும்போது அதன் பக்கத்தில் போகவே கூடாது, இழுப்பு மேலே தெரியாது.

தரைப்பாலங்களைச் சிவப்பு மையில் குறியுங்கள். ஓடும் தண்ணீர் அரை அடி இருந்தாலே ஆளைத் தள்ளிவிடும், ஒரு அடியில் சின்னக் காரே மிதந்து நகரும். பொன்னையாற்றுக்கு ஆந்திரப் பக்கம் கலவகுண்டா அணையிலிருந்து தண்ணீர் வரும். குடியாத்தத்துக்குள் ஓடும் கவுண்டன்ய ஆற்றுக்கு மோர்தானா அணை நிரம்பி வழியும் தண்ணீர் வரும். அதாவது உங்கள் தெருவில் ஒரு துளி மழை இல்லாத நாளிலும் வெள்ளம் வரலாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை தரைப்பாலத்தைத் தண்ணீர் மூடியிருந்தால் சுற்றுவழிதான். பள்ளிக்கு லேட்டானால் ஆகட்டும்.

படி 3: இடம் பிடிப்பது

முதல் தேர்வு நீச்சல் குளம். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் மாவட்ட அலுவலகத்தில் பிப்ரவரி, மார்ச்சிலேயே போய்க் கோடைப் பயிற்சி பற்றிக் கேளுங்கள். தனியார் குளங்கள், பள்ளி கல்லூரிக் குளங்கள் எல்லாவற்றிலும் மொத்தமாக ஒரு குழுவாகப் போய்ப் பேசினால் கட்டணம் குறையும். ஆள் வராத மதிய நேரத்தைக் கேட்டால் இன்னும் குறையும். வேலூர் வெயிலில் மதியம் யாரும் வரமாட்டார்கள் என்பது அவர்களுக்கும் தெரியும்.

குளம் எட்டாத ஊரில் கிணறு. எல்லாக் கிணறும் ஆகாது. தண்ணீர் மட்டம் வரை இறங்கும் படிக்கட்டு இருக்க வேண்டும். சுவரில் துருத்திக்கொண்டிருக்கும் கல்லைப் பிடித்து இறங்குகிற கிணறு புதியவர்களுக்குச் சரிப்படாது. தண்ணீருக்குள் மறைந்திருக்கும் பாறைத் திட்டு எங்கே என்று கிணற்றுக்காரரிடம் கேட்டு, நன்றாக நீந்தத் தெரிந்தவர் இறங்கிப் பார்க்க வேண்டும். மோட்டாரின் மெயினை அணைத்து ஃபியூஸ் கட்டையைக் கையில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் தொங்கும் பழைய ஒயரில் கசியும் மின்சாரம் நீச்சல் தெரிந்தவர், தெரியாதவர் என்று பார்க்காது. நீண்ட நாள் மூடிக்கிடந்த கிணற்றில் விஷவாயு இருக்கலாம், அதில் இறங்கவே வேண்டாம்.

கிணற்றுக்காரரிடம் எப்படிக் கேட்பது? பிள்ளைகள் தனியாகப் போனால் விரட்டுவார். பள்ளி ஆசிரியர், ஊராட்சி உறுப்பினர், அவரே மதிக்கும் ஒருவர் என மூன்று பேராகப் போங்கள். நாள், நேரம், எத்தனை பிள்ளைகள், யார் பொறுப்பு என்று எழுதிக் கொடுங்கள். அவருடைய உண்மையான பயம் பெரும்பாலும் போலீஸ் கேஸ்தான். அந்தப் பயத்தை முதலில் எடுத்துவிட்டால் சாதிப் பேச்சுக்குச் சாக்கு குறைந்துவிடும். நான் பார்த்த ஒரு பெரியவர் கடைசியில் தானே சொன்னார்: "மெயின ஆஃப் பண்ணிட்டேன் நைனா, இறங்குங்க. பசங்க பேரை மட்டும் ஒரு சீட்டுல எழுதிக் குடு." வேண்டுமென்றே தடுக்கிறார்கள் என்றால் அது வேறு விஷயம். பொது நீர்நிலையில் சாதி பார்த்துத் தடுப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

ஆழம் குறைந்த, தரை தெரியும் குளம் ஊரில் இருந்தால் இன்னொரு வழி உண்டு. பங்களாதேஷ் கிராமங்களில் வீட்டுக் குளத்துக்குள்ளேயே மூங்கிலால் தளமும் தடுப்பும் கட்டி, பிள்ளைகள் நிற்கும் ஆழத்தில் கற்றுக்கொடுக்கிறார்கள். செலவு மூங்கிலும் கயிறும்தான். நம் சவுக்குக் கட்டையில் தாராளமாகச் செய்யலாம்.

படி 4: உடை, நேரம், வீட்டுச் சம்மதம்

ஒரு கோடையில் ஒரு நீச்சல் குளத்தின் கவுன்டரில் நின்றிருந்தேன். புர்கா போட்ட அம்மா, பக்கத்தில் பத்துப் பதினொரு வயதுப் பெண். உள்ளே இருந்த பையன், "காஸ்ட்யூம் இல்லாம விட முடியாதும்மா" என்றான். "ஃபுல் கை வெச்சது கொண்டாந்திருக்கோம் தம்பி, லைக்ரா துணிதான், தொட்டுப் பாரு" என்று பையைத் திறந்து காட்டினார். அவன் தொடவில்லை. "ரூல்ஸுன்னா ரூல்ஸும்மா." சுவரில் இருந்த போர்டில் நீச்சல் உடை கட்டாயம் என்று மட்டும்தான் எழுதியிருந்தது, கை நீளத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்தப் பெண் விலைச்சீட்டு கூடக் கிழிக்காத நீச்சல் தொப்பியைக் கையிலேயே வைத்துக்கொண்டு படியிறங்கினாள்.

இந்த அவமானம் பிள்ளைக்கு நேராமல் பார்த்துக்கொள்ளலாம். பிள்ளையை அழைத்துப் போகும் முன்பே பெரியவர் ஒருவர் போய் மேலாளரிடம் பேச வேண்டும். குளம் நடத்துபவரின் நியாயமான கவலை பருத்தித் துணிதான். அது தண்ணீரைக் குடித்துக் கனத்துவிடும், நூலும் சாயமும் வடிகட்டியை அடைக்கும். நைலான், பாலியெஸ்டர், லைக்ராவில் தைத்த முழுக்கை மேலாடை, கணுக்கால் வரை ஒட்டிய பேன்ட், தலையை மூடும் தொப்பி இருந்தால் பாதுகாப்புக்கும் குறைவில்லை, மார்க்கத்துக்கும் குறைவில்லை. கடையில் விலை அதிகம் என்றால் துணி வாங்கிக் கொடுங்கள், ஆம்பூரில் தைக்கத் தெரிந்த கைகளுக்கா பஞ்சம்? எந்தத் தண்ணீரிலும் துப்பட்டா, தொங்கும் நாடா, சேஃப்டி பின் வேண்டாம். கழுத்திலும் காலிலும் சுற்றிக்கொள்ளும்.

பெண்களுக்கு மட்டும் என்று வாரத்தில் ஒரு நேரம் கேட்டு வாங்குங்கள். பெண் பயிற்சியாளர், வாசலில் பெண் காவலாளி, செல்போன் உள்ளே கிடையாது என்ற மூன்றும் எழுத்தில் வேண்டும். இந்த ஏற்பாடு வந்துவிட்டால் முஸ்லிம் அம்மாக்களோடு எல்லாச் சாதி அம்மாக்களும் வந்து நிற்பார்கள், பாருங்கள். வெள்ளிக்கிழமை மதியத்தைத் தவிருங்கள். ரமலானில் வகுப்பை நிறுத்திவையுங்கள். வாயில் தண்ணீர் போய்விடுமோ என்ற கவலையோடு யாரும் மூச்சுப் பழக முடியாது. ஜமாத்தில் பேசும்போது, பிள்ளைகளுக்கு நீச்சலும் வில்வித்தையும் கற்றுக்கொடுங்கள் என்று கலீஃபா உமர் சொன்னதாக வழங்கும் வாக்கைப் பெரியவர்களே எடுத்துச் சொல்வார்கள். சொல்லட்டும், நூறு துண்டறிக்கையை விட அது வேலை செய்யும்.

படி 5: தண்ணீருக்குள்

ஒரு பயிற்சியாளருக்கு ஆறு பிள்ளைகளுக்கு மேல் வேண்டாம். கரையில் இன்னொருவர் எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும், அவர் கையில் போன் இருக்கக் கூடாது. வலிப்பு வரும் பிள்ளை என்றால் டாக்டரிடம் கேட்டு, பக்கத்திலேயே ஒரு பெரியவர் நிற்கும்போதுதான்.

முதலில் மூச்சு. இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, வாயால் காற்றை இழுத்து, முகத்தை முக்கி, மூக்காலும் வாயாலும் குமிழி விட வேண்டும். இது சாதாரணமாக வரும் வரை அடுத்த பாடம் கிடையாது. பயந்த பிள்ளையைத் தூக்கிப் போட்டால் தானாக வரும் என்பது நம் ஊரின் மிகப் பழைய மூடத்தனம். அப்படிக் கற்றவர்கள் பெருமையாகப் பேசுவார்கள், அப்படிப் போட்டதால் வாழ்நாள் முழுக்கத் தண்ணீர்ப் பக்கம் போகாதவர்கள் பேசுவதில்லை.

அடுத்தது மல்லாந்து மிதப்பது. என்னைக் கேட்டால் ஒரே ஒரு வித்தைதான் கற்றுக்கொடுக்க நேரம் இருக்கிறது என்றால் இதைத்தான் கொடுப்பேன். காது இரண்டும் தண்ணீருக்குள் போக வேண்டும், முகவாய் வானத்தைப் பார்க்க வேண்டும், நெஞ்சு நிறையக் காற்று, வயிறு மேலே. பிள்ளைகள் தலையைத் தூக்கிக் காலைப் பார்ப்பார்கள், உடனே இடுப்பு முங்கும். பிடரியின் கீழ் ஒரு கை, முதுகின் கீழ் ஒரு கை வைத்து, முதலில் முதுகுக் கையை எடுங்கள். அப்புறம் விரல் விரலாகப் பிடரியையும் விடுங்கள். விட்டதைச் சொல்லாதீர்கள்.

அதற்குப் பின் சுவரை உதைத்து வழுக்கிப் போவது, காலடிப்பது, கை சேர்ப்பது, நின்ற நீச்சல். சுரைக்குடுக்கையோ காலி கேனோ கட்டிப் பழகுவதில் தவறில்லை, ஆனால் அது நழுவினால் மூழ்கும் ஆழத்துக்கு அதை நம்பிப் போகக் கூடாது. 25 மீட்டர் நீந்துவது, 30 விநாடி மிதந்து நிற்பது என்ற இரண்டும்தான் பங்களாதேஷ் திட்டத்தின் அளவுகோல். நாமும் அதையே வைத்துக்கொள்ளலாம். கடைசி நாளில் துப்பட்டா மட்டும் இல்லாமல் தினசரி உடையோடு ஒருமுறை இறங்க வையுங்கள், நிஜத்தில் தவறி விழுவது அந்த உடையில்தானே. சுடிதார் நனைந்தால் என்ன கனம் கனக்கும் என்பது உடம்புக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

படி 6: ஒருவர் மூழ்கினால்

மூழ்குகிறவர் சினிமாவில் மாதிரி கத்த மாட்டார். வாய் தண்ணீர் மட்டத்தில் ஏறி இறங்கும், கை பக்கவாட்டில் தண்ணீரை அமுக்கும், சத்தமே வராது. ஒரு நிமிடத்துக்குள் உள்ளே போய்விடுவார். இதைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லுங்கள். ஒருவனைக் காப்பாற்ற இன்னொருவன், அவனைக் காப்பாற்ற அடுத்தவன் என்று அண்ணன் தம்பிகள் சேர்ந்து போவது நம் செய்தித்தாள்களில் ஒவ்வொரு கோடையிலும் வருகிறது.

குதிக்காதே, நீட்டு, வீசு. கரையில் படுத்துக்கொண்டு குச்சி, துண்டு, எதையாவது நீட்டுங்கள். எட்டாவிட்டால் மூடி இறுக்கிய காலி கேன், பிளாஸ்டிக் குடம், டியூப் எதையாவது வீசுங்கள். 2020 ஆகஸ்டில் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை அணையில் மூழ்கிய இளைஞர்களில் இருவரை மூன்று பெண்கள் தங்கள் சேலையை அவிழ்த்து வீசி இழுத்துக் காப்பாற்றினார்கள். அரசு அவர்களுக்குக் கல்பனா சாவ்லா விருது கொடுத்தது. சேலை, வேட்டி, துப்பட்டா எதுவும் கயிறுதான். ஒரு ஆள் அதே நேரத்தில் 108-க்கு அடிக்க வேண்டும், தீயணைப்பு மீட்புப் படைக்கு 101, எதுவும் ஞாபகம் வராவிட்டால் 112.

வெளியே எடுத்ததும் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவது, வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது இரண்டையும் செய்யவே கூடாது. நேரம் போகும், வாந்தி நுரையீரலுக்குள் போகும். மூச்சு இல்லையென்றால் கெட்டித் தரையில் மல்லாக்கப் படுக்கவைத்து, முகவாயை உயர்த்தி, மூக்கைப் பிடித்து வாயோடு வாய் வைத்து நெஞ்சு எழும்பும்படி முதலில் சில மூச்சு ஊதுங்கள். தண்ணீரில் மூழ்கியவருக்கு முதல் தேவை காற்று. பிறகு மார்பின் நடுவில் இரு கையும் சேர்த்து 30 அழுத்தம், 2 மூச்சு என்று மாறி மாறிச் செய்யுங்கள். பெரியவர் என்றால் 5 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம். ஆம்புலன்ஸ் வரும் வரை நிறுத்தாதீர்கள். எழுந்து உட்கார்ந்துவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், நுரையீரல் சில மணி நேரம் கழித்தும் மோசமாகலாம். இதைப் படித்து வராது. பருவமழைக்கு முன் பள்ளிகளில் மீட்பு ஒத்திகை காட்டும் தீயணைப்பு நிலையத்தாரை உங்கள் தெருவுக்கும் அழையுங்கள்.

படி 7: எழுதிக் கேட்பது

தனி ஆள் சொன்னால் புலம்பல், தீர்மானம் ஆனால் கோப்பு. கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடுகிறது. மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம், கோடை விடுமுறைக்கு ஒரு மாதம் முந்தியது. நம் வேலைக்கு அதைவிடப் பொருத்தமான நாள் இல்லை. நகரத்தில் இருப்பவர்கள் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்துக்குப் போகலாம்.

"பாதுகாப்பு வேண்டும்" என்று பொதுவாக எழுதாதீர்கள். பிள்ளைகள் வரைந்த தாளை இணைத்து, எந்தக் குழிக்கு வேலி, எந்தத் தரைப்பாலத்துக்கு அளவுக்கம்பம், எந்த ஏரிக்கரையில் கயிறும் டியூபும், எந்தப் பொதுக்குளத்தில் படித்துறை, சூளைப் பிள்ளைகளுக்கு வேலை நேரத்தில் அங்கன்வாடி என்று இடத்தோடு எழுதுங்கள். எச்சரிக்கைப் பலகை என்றால் தமிழோடு உருதுவிலும், படிக்கத் தெரியாதவருக்குப் படமாகவும் வேண்டும் என்று கேளுங்கள். மனுவைப் பெண்கள் வாசிக்கட்டும். கூட்டம் கலைவதற்கு முன்பே தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று பார்த்து, தீர்மான எண்ணைக் குறித்துக்கொண்டு வாருங்கள்.